பெருந்தொற்றுக் காலத்தில் விமானப் பயணத்தை மக்கள் தவிர்த்தது ஏன்? புனே அனுபவம் சொல்வது என்ன?

ஔந்த் (புனே): கொரோனா பெருந்தொற்றின்போது இரண்டு மாத கால முடக்கத்துக்குப் பின், 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானச் சேவை மீண்டும் தொடங்கியது. ஆனால் பயணிகள் உடனடியாகத் திரும்பவில்லை. 2019-ம் ஆண்டில் உள்நாட்டு விமானங்களில் 14.41 கோடி பேர் பயணம் செய்த நிலையில், 2020-ல் இந்த எண்ணிக்கை 6.30 கோடியாகக் குறைந்தது. அதாவது ஒரே ஆண்டில் 56 சதவீதத்துக்கும் அதிகமான வீழ்ச்சி ஏற்பட்டது.

இந்த வீழ்ச்சிக்கு அரசு விதித்த தடை மட்டும் காரணம் அன்று. தடை நீங்கிய பிறகும் பல மாதங்களுக்கு மக்கள் விமானம் ஏறத் தயங்கினர். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு நியாயம் இருந்தது, அடுத்த முறை இத்தகைய நெருக்கடி வந்தால் என்ன செய்யலாம் என்பதைப் புனே நகரின் அனுபவத்தின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

புனேயில் அச்சம் தொடங்கியது எப்படி?

மகாராஷ்டிராவில் கொரோனா தொற்று முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது புனேயில்தான். துபாய்க்குச் சுற்றுலா சென்று 2020 மார்ச் 1 அன்று திரும்பிய தம்பதியருக்கு மார்ச் 9 அன்று தொற்று உறுதியானது. அவர்கள் மாநகராட்சியின் நாயுடு தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அடுத்த நாளே அவர்களுடைய மகளுக்கும், மும்பையிலிருந்து புனேக்கு அவர்களை அழைத்து வந்த வாடகைக் கார் ஓட்டுநருக்கும், அவர்களுடன் விமானத்தில் வந்த மற்றொரு பயணிக்கும் தொற்று இருப்பது தெரியவந்தது.

அவர்கள் அனைவரும் பின்னர் குணமடைந்தனர். ஆயினும் அந்த ஒரு செய்தி நகர மக்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. விமானம், வாடகைக் கார், வீடு என்ற ஒரே சங்கிலியில் நோய் பரவியதை மக்கள் கண்டனர். உலக சுகாதார நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என அறிவித்தது மார்ச் 11 அன்றுதான். அதற்கு இரண்டு நாட்கள் முன்பாகவே புனேவாசிகளுக்கு இந்நோய் விமானத்தில் வந்த நோயாகத்தான் அறிமுகமாகியிருந்தது.

நகரின் வடமேற்கே, முளா ஆற்றங்கரையை ஒட்டி அமைந்துள்ளது ஔந்த். ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரிவோர் பலர் இங்கும் அருகிலுள்ள பாணேர் பகுதியிலும் வசிக்கின்றனர். அவர்களில் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குச் சென்றுவர இவர்களுக்கு விமானமே விரைவான வழி. விமான நிலையமோ நகரின் மறுகோடியில், லோகேகாவ் விமானப்படைத் தளத்தில் உள்ளது. ஔந்தில் உள்ள மாவட்ட அரசு மருத்துவமனை கொரோனா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வந்தது. 2020 செப்டம்பரில் நாட்டிலேயே மிக அதிகப் பாதிப்பைச் சந்தித்த மாவட்டங்களில் ஒன்றாகப் புனே இருந்தது. நோய் தங்கள் தெருவிலேயே இருப்பதை அறிந்த மக்களிடம், பயணம் பாதுகாப்பானது என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை.

தடை நீங்கியும் இருக்கைகள் காலி

பன்னாட்டு விமானங்கள் 2020 மார்ச் 22 நள்ளிரவை ஒட்டியும், உள்நாட்டு விமானங்கள் மார்ச் 25 முதலும் நிறுத்தப்பட்டன. மே 25 அன்று உள்நாட்டுச் சேவை தொடங்கியபோது, வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு விமானங்களை மட்டுமே இயக்க அனுமதி வழங்கப்பட்டது. முதல் நாளில் 532 விமானங்களில் 39,231 பேர் பயணம் செய்ததாக அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஹர்தீப் சிங் புரி தெரிவித்தார்.

அதே நாளில் 600-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து செய்யப்பட்டன. மாநிலங்கள் கடைசி நேரத்தில் கட்டுப்பாடுகளை மாற்றியதே இதற்குக் காரணம். விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகே பலருக்குத் தங்கள் விமானம் இல்லை என்பது தெரிந்தது.

2020 ஜூன் மாதத்தில் உள்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 19.84 லட்சம். முந்தைய ஆண்டு ஜூனில் இது 120 லட்சத்துக்கும் அதிகம். விமானங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருந்ததால்தான் இந்தச் சரிவு என்று கூற முடியாது. ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவின் விமானங்களில்கூடச் சராசரியாக 10 இருக்கைகளில் 6 மட்டுமே நிரம்பின. இயக்கப்பட்ட விமானங்கள் குறைவு. அவற்றிலும் இடம் மிச்சம் என்பதே நிலை. பயணிகள் தாமாகவே விலகி நின்றனர் என்பதற்கு இதுவே சான்று.

முதல் காரணம்: பக்கத்து இருக்கையில் யார்?

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2020 ஜூன் தொடக்கத்தில் இந்தியா உட்பட 11 நாடுகளில் பயணிகளிடம் கருத்துக் கணிப்பு நடத்தியது. விமானத்துக்குள் எது உங்களை அச்சுறுத்துகிறது என்ற கேள்விக்கு, தொற்றுள்ள ஒருவரின் அருகில் அமர நேருவது என்று 65 சதவீதம் பேர் பதிலளித்தனர். கழிப்பறையைப் பயன்படுத்துவது என்று 42 சதவீதம் பேரும், விமானத்துக்குள் உள்ள காற்றைச் சுவாசிப்பது என்று 37 சதவீதம் பேரும் கூறினர்.

இந்தியாவில் இந்த அச்சம் நீதிமன்றம் வரை சென்றது. நடு இருக்கையைக் காலியாக விட வேண்டும் என்று கோரி ஏர் இந்தியா விமானி ஒருவர் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகினார். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, விமான நிறுவனங்களின் நலனைவிடக் குடிமக்களின் உடல்நலத்தைப் பற்றியே அரசு கவலைப்பட வேண்டும் என மே 25 அன்று தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே தலைமையிலான அமர்வு குறிப்பிட்டது. எனினும் ஏற்கெனவே முன்பதிவு செய்யப்பட்ட சிறப்பு விமானங்களில் ஜூன் 6 வரை நடு இருக்கையை நிரப்பிக்கொள்ள அனுமதித்தது.

அதன்பின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஜூன் 1 அன்று புதிய உத்தரவைப் பிறப்பித்தது. இயன்றவரை நடு இருக்கையைக் காலியாக விட வேண்டும். இயலாதபோது அதில் அமர்பவருக்கு உடலைச் சுற்றி அணியும் பாதுகாப்பு அங்கி வழங்க வேண்டும் என்று அது கூறியது. நடு இருக்கையை நிரப்பலாம் என்று ஜூன் 15 அன்று மும்பை உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

நிறுவனங்கள் நடு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்ததற்குக் கணக்கு எளிது. ஒரு வரிசையில் ஆறு இருக்கைகள் கொண்ட, 180 பேர் அமரும் விமானத்தில் நடு இருக்கைகளை விட்டால் 120 பேர் மட்டுமே பயணம் செய்ய முடியும். உலக அளவில் நட்டமின்றி இயங்கச் சராசரியாக 77 சதவீத இருக்கைகள் நிரம்ப வேண்டும் என்றும், நடு இருக்கையைக் காலியாக விட்டால் 62 சதவீதத்துக்கு மேல் நிரப்ப இயலாது என்றும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் அப்போது கூறியிருந்தது. ஆனால் பயணியின் கண்ணில் பட்டது வேறு. கடையில் ஆறடி இடைவெளி விட்டு வட்டம் வரைந்த அதே அரசு, விமானத்தில் தோளோடு தோள் உரச அமரச் சொல்கிறது. இந்த முரண்பாட்டுக்குத் தெளிவான விளக்கம் கிடைக்காததால் ஐயம் வலுத்தது.

விமானக் காற்று உண்மையில் ஆபத்தானதா?

மூடிய குழாய் போன்ற இடத்தில் பலர் விட்ட மூச்சையே திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறோம் என்பது பரவலான எண்ணம். நவீன பயணிகள் விமானங்களில் நடப்பது அவ்வாறு அன்று. உள்ளே வரும் காற்றில் ஏறத்தாழ பாதி வெளியிலிருந்து எடுக்கப்படுகிறது. மறுசுழற்சிக்கு உள்ளாகும் மீதிப் பாதி, ‘ஹெப்பா’ எனப்படும் நுண்வடிகட்டிகளின் வழியே செல்கிறது. இவை மிக நுண்ணிய துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கக் கூடியவை. காற்று மேற்கூரைப் பகுதியிலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்து, தரையோரம் வெளியேறுகிறது. சுமார் இரண்டு அல்லது மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறுகிறது. சாதாரண அலுவலக அறையோடு ஒப்பிட்டால் இது பன்மடங்கு வேகம்.

ஆயினும் வடிகட்டியைச் சென்றடையும் முன்பே, அருகில் அமர்ந்திருப்பவரின் இருமலும் பேச்சும் நம்மை எட்டிவிடலாம். 2020 மார்ச் 1 அன்று லண்டனிலிருந்து வியட்நாமின் ஹனோய் நகருக்குச் சென்ற விமானம் இதற்கு முக்கிய எடுத்துக்காட்டு. சுமார் 10 மணி நேரம் நீடித்த அப்பயணத்தில், நோய் அறிகுறியுடன் உயர்வகுப்பில் அமர்ந்திருந்த ஒரு பயணியின் மூலம் 15 பேருக்குத் தொற்று பரவியதாக ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். அவர்களில் 12 பேர் அதே வகுப்பில் இருந்தவர்கள். அப்போது விமானத்தில் முகக்கவசம் கட்டாயமாக்கப்படவில்லை.

உணவு பரிமாறும்போது அனைவரும் ஒரே நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றுவதும் ஆபத்தை அதிகரிக்கும். இதன் காரணமாகவே சேவை தொடங்கியபோது உணவு வழங்குவது தடை செய்யப்பட்டது. பின்னர் அனுமதிக்கப்பட்டு, 2021 ஏப்ரல் 15 முதல் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான பயணங்களில் மீண்டும் தடை செய்யப்பட்டது.

ஆபத்து எவ்வளவு என்பதைச் சொல்வதிலும் குழப்பம் நேர்ந்தது. 2020-ல் 120 கோடிப் பயணிகளில் விமானத்தில் தொற்றியதாக 44 பேரே பதிவாகியுள்ளனர் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் அக்டோபரில் கூறியது. ஆனால் இந்தக் கணக்குக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வாளர்களில் ஒருவரான டேவிட் ஃப்ரீட்மேன், தம் ஆய்வு இவ்வாறு பயன்படுத்தப்பட்டதை ஏற்கவில்லை. பதிவானவர்களின் எண்ணிக்கையை மொத்தப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுப்பது பிழையானது. பெரும்பாலான பயணிகள் பயணத்துக்குப் பின் பரிசோதிக்கப்படவே இல்லை என்பதால், உண்மையான எண்ணிக்கையை எவரும் அறிய வழியில்லை. மிகைப்படுத்திய உறுதிமொழி நம்பிக்கையை வளர்ப்பதற்கு மாறாக ஐயத்தையே வளர்த்தது.

இருக்கையை அடையும் முன்பே

விமானத்துக்குள் உள்ள காற்றைவிட, விமானத்தை அடையும் வழியே பலருக்குக் கவலை அளித்தது. அதே ஜூன் மாதக் கருத்துக் கணிப்பில், விமானத்துக்கு அழைத்துச் செல்லும் நெரிசலான பேருந்தை 59 சதவீதம் பேரும், சோதனை வரிசைகளில் நிற்பதை 42 சதவீதம் பேரும் அச்சத்துக்குரியவையாகக் குறிப்பிட்டனர். பேருந்திலும் வரிசையிலும் விமானத்தில் உள்ளது போன்ற வடிகட்டி இல்லை என்பதால், இந்த அச்சத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டு.

ஔந்தில் வசிக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு இன்னும் நீளமானது. நகரைக் குறுக்கே கடக்க வாடகைக் கார், விமான நிலைய வரிசை, விமானம், சென்னையில் மீண்டும் வரிசை, மீண்டும் வாடகைக் கார் என ஒவ்வொரு கட்டத்திலும் முன்பின் அறியாதவர்களைச் சந்திக்க நேரும். இதற்கு மாற்றாகச் சொந்த காரில் குடும்பத்தினரை மட்டும் ஏற்றிக்கொண்டு, கோலாப்பூர், பெலகாவி, பெங்களூரு வழியாகச் செல்லும் 48-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 1,200 கிலோமீட்டர் பயணம் செய்வது பாதுகாப்பானது என்று கருதியவர்களும் இருந்தனர். தொற்றைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரியே. ஆனால் நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்துக்கு உரிய விபத்து அபாயம் அந்தக் கணக்கில் சேரவில்லை.

ஊருக்கு ஒரு விதி

கருத்துக் கணிப்பில் பங்கேற்றவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், சென்று சேரும் இடத்தில் தனிமைப்படுத்தல் இருந்தால் பயணம் செய்ய மாட்டோம் என்றனர். நோய் மீதான அச்சத்தைவிட இந்தத் தயக்கம் வலுவாக இருந்தது.

இந்தியாவில் 2020 மே இறுதியில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதிகளை வகுத்தது. தமிழகம் வருவோர் இ-பாஸ் பெற்று, 14 நாட்கள் வீட்டில் தனித்திருக்க வேண்டும். சென்னைக்கு நாளொன்றுக்கு 25 விமானங்கள் மட்டுமே வரலாம். மகாராஷ்டிரா வருவோரின் இடக்கையில் முத்திரை குத்தப்பட்டு, 14 நாட்கள் வீட்டுத் தனிமை விதிக்கப்பட்டது. மகாராஷ்டிரா, தமிழகம் உள்ளிட்ட சில மாநிலங்களிலிருந்து கர்நாடகம் செல்வோர் ஏழு நாட்கள் அரசு குறிப்பிட்ட இடத்தில் தங்க வேண்டியிருந்தது.

புனேயிலிருந்து சென்னை சென்று திரும்பும் ஒருவர் இந்த விதிகளின்படி போகும்போது 14 நாட்கள், வந்த பின் 14 நாட்கள் என மொத்தம் நான்கு வாரங்கள் தனித்திருக்க வேண்டும். மூன்று நாள் விடுப்பில் ஊருக்குச் சென்றுவந்த பழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி வைத்தது. வீட்டிலிருந்தே பணிபுரியும் முறை வந்துவிட்டதால், அலுவலகப் பயணங்களுக்கும் தேவை குறைந்தது. ஊரில் உள்ள முதிய பெற்றோருக்கு நம்மால் நோய் வந்துவிடுமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. தமக்கு என்ன ஆகும் என்பதைவிடத் தம்மால் பிறருக்கு என்ன ஆகும் என்று எண்ணியே பலர் பயணத்தைக் கைவிட்டனர்.

இந்தக் கவலைக்குச் சேவை தொடங்கிய முதல் நாளே வலுச் சேர்த்தது. மே 25 அன்று சென்னையிலிருந்து கோவைக்குச் சென்ற விமானத்தில் பயணம் செய்த ஒருவருக்கு, தரையிறங்கிய பின் நடந்த பரிசோதனையில் தொற்று உறுதியானது. அவர் முகக்கவசமும் முகத் தடுப்பும் அணிந்திருந்தார். எனினும் அந்த விமானத்தின் பணியாளர்கள் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர்.

பணம் திரும்பக் கிடைக்குமா?

ஊரடங்கால் ரத்தான பயணங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தராமல், பின்னர் பயன்படுத்திக்கொள்ளும் வரவாகப் பல நிறுவனங்கள் வைத்துக்கொண்டன. இதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. ஊரடங்கு காலத்தில் முன்பதிவு செய்து, அதே காலத்தில் பயணம் செய்ய வேண்டியிருந்தவர்களுக்கு முழுத் தொகையையும் உடனே திருப்பித் தர வேண்டும். மற்றவர்களுக்கு 15 நாட்களில் தர வேண்டும் என்று அது உத்தரவிட்டது. நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனங்கள் 2021 மார்ச் 31 வரை செல்லுபடியாகும் வரவாக அத்தொகையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு 2020 ஜூன் 30 வரை மாதம் 0.5 சதவீதமும், அதன்பின் 0.75 சதவீதமும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

தீர்ப்பு வரும் வரை கழிந்த ஆறு மாதங்களில், மறுபடியும் முன்பதிவு செய்தால் பணம் முடங்கிவிடும் என்ற எண்ணம் பலருக்கு ஏற்பட்டுவிட்டது. வேலையும் ஊதியமும் நிச்சயமற்றிருந்த காலத்தில் இந்த எண்ணம் இயல்பானதே. பயண நேரத்தைப் பொறுத்துக் கட்டணத்துக்கு அரசு வரம்பு விதித்திருந்தது. 90 முதல் 120 நிமிடப் பயணத்துக்குக் குறைந்தது 3,500 ரூபாய், அதிகபட்சம் 10,000 ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இதுவும் சிறிய தொகை அன்று.

புனே பயணிகளுக்கு மற்றொரு தடையும் இருந்தது. ஓடுபாதைச் சீரமைப்புக்காக 2020 அக்டோபர் 26 முதல் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை இங்கு விமானங்கள் இயக்கப்படவில்லை. 2021 அக்டோபர் 16 முதல் 29 வரை இரண்டு வாரங்கள் விமான நிலையம் முழுவதுமாக மூடப்பட்டது.

இரண்டாம் அலை காட்டிய உண்மை

2020 டிசம்பரில் 73 லட்சம், 2021 மார்ச்சில் 78 லட்சம் எனப் பயணிகளின் எண்ணிக்கை மெல்ல ஏறிவந்தது. இரண்டாம் அலை எழுந்ததும் ஏப்ரலில் 57.25 லட்சமாகவும், மே மாதத்தில் 21.15 லட்சமாகவும் சரிந்தது. இம்முறை உள்நாட்டு விமானங்களுக்குத் தடை இல்லை. மே இறுதி வரை 80 சதவீத விமானங்களை இயக்கவும் அனுமதி இருந்தது. மாநில ஊரடங்குகளுக்கு இதில் பங்கு உண்டு என்றாலும், மருத்துவமனைப் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் மக்கள் அலைந்த நாட்களில், ஊர்விட்டு ஊர் சென்று நோயுற்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் இருந்தது.

வெளிநாடு செல்வோருக்கு நிலை இன்னும் கடினம். ஏப்ரல் தொடக்கத்தில் டெல்லியிலிருந்து ஹாங்காங் சென்ற ஒரே விமானத்தின் பயணிகளில் 50-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. ஹாங்காங், பிரிட்டன், கனடா, ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என அடுத்தடுத்து நாடுகள் இந்தியப் பயணிகளுக்குக் கதவடைத்தன அல்லது கடும் கட்டுப்பாடு விதித்தன. சென்றால் திரும்ப முடியுமா என்ற அச்சம், நோய் அச்சத்துக்கு இணையாக வளர்ந்தது.

தயக்கம் தணிந்தது எப்படி?

2021 ஜனவரி 12 அன்று புனே விமான நிலையத்திலிருந்து நான்கு நிறுவனங்களின் ஒன்பது விமானங்கள், சீரம் நிறுவனம் தயாரித்த 56.5 லட்சம் தவணைத் தடுப்பூசிகளைச் சென்னை உட்பட 13 நகரங்களுக்கு ஏற்றிச் செல்லத் திட்டமிடப்பட்டது. நான்கு நாட்களில் நாடு முழுவதும் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. துபாயிலிருந்து வந்த நோயால் அஞ்சிய அதே நகரிலிருந்து, அந்நோய்க்கான தடுப்பும் விமானத்திலேயே புறப்பட்டது.

தடுப்பூசி பரவலான பின் விதிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. 2021 அக்டோபர் 18 முதல் முழு அளவில் உள்நாட்டு விமானங்களை இயக்க அனுமதி கிடைத்தது. 2022 மார்ச் 27 அன்று வழக்கமான பன்னாட்டுச் சேவை மீண்டது. ஆகஸ்ட் 31 அன்று கட்டண வரம்பும், நவம்பர் 16 அன்று முகக்கவசக் கட்டாயமும் நீங்கின. 2023-ல் உள்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 15.2 கோடியைத் தாண்டி, பெருந்தொற்றுக்கு முந்தைய அளவைக் கடந்தது.

அடுத்த முறைக்கான பாடம்

மக்களின் தயக்கத்தை வெறும் பீதி என்று ஒதுக்கிவிட முடியாது. விமானக் காற்றைப் பற்றிய அச்சம் மிகையானதாக இருக்கலாம். ஆனால் பக்கத்து இருக்கை, நெரிசலான பேருந்து, மாறிக்கொண்டே இருந்த விதி, திரும்பி வராத பணம் ஆகியவற்றைப் பற்றிய அச்சங்களுக்கு அடிப்படை இருந்தது. இவற்றில் கடைசி இரண்டையும் கிருமி உண்டாக்கவில்லை, நிர்வாகம் உண்டாக்கியது. அவற்றைச் சரிசெய்ய மருந்து தேவையில்லை.

மாநிலங்களுக்கிடையே ஒரே விதி, குறைந்தபட்சம் சில நாட்கள் முன்னறிவிப்பு, ரத்தானால் உடனடியாகப் பணம், ஆபத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லும் நேர்மை ஆகிய நான்கும் இருந்திருந்தால், தாயைப் பார்க்கவோ இறுதிச் சடங்கில் பங்கேற்கவோ செல்ல வேண்டியிருந்தவர்கள் தெளிவுடன் முடிவெடுத்திருக்க முடியும்.

பயணிகளுக்கும் இதில் நடைமுறைப் பாடம் உண்டு. சுவாச நோய் பரவும் காலத்தில் வரிசையிலும் பேருந்திலும், விமானம் தரையில் நிற்கும் நேரத்திலும் முகக்கவசத்தைக் கழற்றாமல் இருப்பது நல்லது. தலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தைத் திறந்து வைக்கலாம். பக்கத்தில் இருப்பவர் உண்ணும்போது தாம் உண்பதைச் சற்றுத் தள்ளிப்போடலாம். முன்பதிவு செய்யும் முன், பயணம் ரத்தானால் பணம் கையில் வருமா, வரவாக மட்டுமே கிடைக்குமா என்பதைப் படித்து அறிந்துகொள்வது அவசியம். உடல்நலம் சரியில்லாதபோது பயணத்தை ஒத்திவைப்பது, பக்கத்து இருக்கையில் அமர இருப்பவருக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.